கம்ப்யூட்டருக்குள் துடிக்கும் இருதயம்

(திண்டிவனத்தில் நடந்த ஆதரவாளர் கூடுகையில் எங்கள் ஆஸ்பத்திரியின் சார்பில் ஆற்றிய உரை)



கடந்த ஆண்டு அறுப்பின் பண்டிகையின்போது ஒரு குறிப்பிட்ட காரியத்துக்கென்று நீங்கள் காணிக்கை சேர்த்துத் தந்தீர்கள். எங்கள் எக்கோ மிஷினில், இருதயத் தசையின் அசைவை அளந்து சொல்லும் புதிய புரோகிராம் ஒன்றைப் போடுவதற்கான பணம் அது. ஒரே பூசணிக்காயை மூன்று பேர் ஏலம் எடுத்து மூன்று முறையும் திரும்பக் கொடுத்தது எங்களுக்கு மறக்கவில்லை. அந்தப் பணம் இன்னும் வங்கியில்தான் இருக்கிறது. ஏன் செலவழிக்கவில்லை என்று விழுப்புரத்திலும் கேட்டார்கள், இங்கேயும் கேட்டீர்கள். கேட்பது நியாயம். கடிதத்தில் நாலு வரியில் எழுதினால் புரியாது, புரியாமல் போனால் மனஸ்தாபம் வரும். ஆகையால் நேரில் வந்து நிற்கிறோம். கொஞ்சம் பொறுமையாய்க் கேட்கவேண்டும். கம்ப்யூட்டர் சமாசாரம் நடுவில் வரும்.

முதலில் ஒரு சகோதரியைப் பற்றிச் சொல்கிறோம். பெயர் வேண்டாம். ஊர் விக்கிரவாண்டிப் பக்கம். மார்பில் கட்டி கண்டு ஆபரேஷன் முடிந்து, புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொண்டிருந்தார். டாக்ஸோரூபிசின் என்ற அந்த மருந்தை நோயாளிகள் "செவப்பு மருந்து" என்பார்கள், நிறம் அப்படி. நோயை அடக்குவதில் அது வல்லது. ஆனால் சிலருக்கு இருதயத் தசையைப் பலவீனப்படுத்திவிடும். அந்தப் பலவீனம் மூச்சுத் திணறலாக வெளியே தெரியும்போது காலம் கடந்திருக்கலாம். அதனால்தான் நடுநடுவே எக்கோ எடுத்துப் பார்க்கச் சொல்கிறார்கள்.

சிகிச்சை தொடங்குமுன் விழுப்புரத்தில் ஓர் இடத்தில் எக்கோ எடுத்தார்கள். தசை சுருங்கும் அளவு இருபதரை என்று வந்தது. இரண்டு மாதம் கழித்து, பஸ் வசதியை உத்தேசித்து, இங்கே திண்டிவனத்தில் எங்களிடம் வந்தார்கள். எங்கள் மிஷின் பதினேழு என்றது. இந்த எண் முதலில் இருந்ததைவிட 15 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் இருதயம் மருந்தின் பாதிப்புக்கு உள்ளாகிறது என்று எச்சரிக்கையாய் இருக்கவேண்டும் என்பது 2014-ல் ஐரோப்பிய, அமெரிக்க நிபுணர்கள் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதல். இருபதரையில் 15 சதவீதம் என்றால் மூன்று சொச்சம். இவருக்குக் குறைந்திருந்ததோ மூன்றரை. அடுத்த தவணை மருந்தை நிறுத்தி வைக்கலாமா என்ற பேச்சு வந்துவிட்டது. புற்றுநோய் மருந்தைத் தள்ளிப்போடுவது சின்னக் காரியம் அல்ல.

அந்தச் சகோதரியின் கணவர் விவசாயி. அவர் எங்கள் டாக்டரிடம் சொன்னதை அப்படியே சொல்கிறோம்: "நான் கமிட்டிக்கு மல்லாட்ட எடுத்துகினு போறவன், டாக்டரம்மா. ஊட்ல நிறுத்ததுக்கும் அங்க நிறுத்ததுக்கும் எட கொறஞ்சா, மொதல்ல தராசத்தான் பாப்பேன். மூட்டய அப்புறந்தான் பாப்பேன்."

மணிலா ரகங்களுக்கே டி.எம்.வி. என்று தன் பெயரைக் கொடுத்த ஊர் இது. தராசைப் பற்றி இந்த ஜனங்களுக்கு யாரும் சொல்லித்தரவேண்டியதில்லை. ஆனால் எங்களுக்கு அது அன்றைக்குச் சுருக்கென்று பட்டது. எங்கள் தராசு சரியா என்று நாங்கள் யாரிடமும் கேட்டதே இல்லை.

அந்த எண் எப்படி வருகிறது என்பதை முதலில் விளக்கவேண்டும். இருதயத்தின் இடது கீழ் அறைதான் உடம்பு முழுவதுக்கும் இரத்தத்தைத் தள்ளுகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் அதன் சுவர் நீளவாக்கில் சுருங்கும். 10 சென்டிமீட்டர் நீளமுள்ள சுவர் 8 சென்டிமீட்டராய்ச் சுருங்கினால் 20 சதவீதம். நல்ல இருதயத்துக்கு ஏறக்குறைய அவ்வளவு இருக்கும். எத்தனை பங்கு இரத்தம் வெளியே தள்ளப்படுகிறது என்ற பழைய கணக்கு மாறாமல் இருக்கும்போதே இந்தச் சுருக்கம் குறையத் தொடங்கிவிடும். இதை முன்கூட்டிய அடையாளமாகக் கொள்வது அதனால்தான்.

எக்கோ படத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கறுப்பு வெள்ளையில் மணல் மணலாய்த் தெரியும். ஒலி அலைகள் தசைக்குள் பட்டுச் சிதறி ஒன்றோடொன்று கலப்பதால் வரும் மணல் அது. ஒவ்வொரு இடத்து மணலுக்கும் ஒரு தனிச் சாயல் உண்டு. கம்ப்யூட்டர் ஒரு படத்தில் ஒரு சிறு கட்டத்தை எடுத்துக்கொண்டு, அடுத்த படத்தில் அதே சாயல் எங்கே போயிற்று என்று தேடும். வினாடிக்கு 60 படம் என்றால் 60 முறை தேடும். விழுப்புரம் ஜங்ஷனில் மேம்பாலத்தின்மேல் நின்றுகொண்டு, நடைமேடைக் கூட்டத்தில் சிவப்புச் சேலை கட்டிய ஒருவரைக் கண்ணால் தொடர்வதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். கூட்டம் மெதுவாய் நகர்ந்தால் தொடரலாம். தள்ளுமுள்ளு வந்து, இன்னும் இரண்டு சிவப்புச் சேலைகள் குறுக்கே வந்தால், நாம் வேறொருவரைப் பின்தொடர்ந்துகொண்டிருப்போம். தவறு நடந்தது நமக்கே தெரியாது. கம்ப்யூட்டருக்கும் தெரியாது. அது தயங்காமல் ஓர் எண்ணைக் கொடுத்துவிடும், அதுவும் தசமப் புள்ளியோடு.

ஒவ்வொரு கம்பெனியும் இந்தத் தேடலை ஒவ்வொரு விதமாய்ச் செய்கிறது. தசையின் உள்விளிம்பைத் தொடர்கிறவர்கள் உண்டு, நடுப்பகுதியைத் தொடர்கிறவர்களும் உண்டு. பெல்ஜியம் தேசத்து லூவன் நகரில் 62 பேரைப் படுக்கவைத்து, ஏழு கம்பெனிகளின் மிஷின்களில் மாற்றி மாற்றி எக்கோ எடுத்தார்கள். படங்களை அளக்க, மிஷின் செய்யாமல் புரோகிராம் மட்டும் விற்கும் இரண்டு நிறுவனங்களையும் சேர்த்துக்கொண்டார்கள். 2015-ல் வெளியான முடிவு: அதே ஜனங்கள், அதே இருதயங்கள், ஆனால் சராசரி எண் கம்பெனிக்குக் கம்பெனி 18-லிருந்து இருபத்தொன்றரை வரை மாறியது. இரண்டு கம்பெனிகளுக்கு இடையே அதிகபட்ச வித்தியாசம் 3.7. நம் சகோதரிக்குக் குறைந்தது மூன்றரை என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு ஒன்றுமே ஆகாமல், மிஷின் மாறியதால் மட்டுமே அவ்வளவும் வந்திருக்கலாம்.

சரி, எந்த மிஷின் சொல்வது உண்மை? கடைக்காரரின் எடைக்கல்லை முத்திரை ஆய்வாளர் தன்னிடமுள்ள கல்லோடு ஒப்பிட்டுப் பார்த்து முத்திரை போடுகிறார். உயிருள்ள இருதயத்துக்கு அப்படியொரு எடைக்கல் எங்கே கிடைக்கும்?

இந்தக் கஷ்டம் புதிதல்ல. எக்கோ என்ற பரிசோதனை 1953-ல் ஸ்வீடனின் லுண்ட் நகரில் பிறந்தது. எட்லர் என்ற இருதய மருத்துவரும் ஹெர்ட்ஸ் என்ற இயற்பியல் அறிஞரும், கப்பல் கட்டும் தளத்தில் உலோகத்தில் விரிசல் பார்க்கும் கருவியை வாங்கி வந்து மார்பின்மேல் வைத்துப் பார்த்தார்கள். திரையில் ஏதோ ஒன்று அசைந்தது. இருதயத்தின் இடது மேல் அறையின் சுவர் என்று முதலில் எண்ணினார்கள். பிறகு எட்லர், மரணத்தறுவாயில் இருந்த நோயாளிகளின் மார்பில் ஒலி போகும் இடத்தையும் திசையையும் குறித்து வைத்துக்கொண்டு, இறந்தபின் அதே திசையில் கூரிய கம்பியைச் செலுத்திப் பார்த்தார். கம்பி சென்றது மிட்ரல் வால்வின் வழியாக. அத்தனை காலம் வால்வைச் சுவர் என்று நினைத்திருக்கிறார்கள். வாதக் காய்ச்சலால் பழுதுபடும் வால்வு அதுதான். நம் கிராமங்களில் எத்தனை பிள்ளைகளுக்கு அது பழுதாகி, மாதம் தவறாமல் பென்சிலின் ஊசி போட்டுவருகிறோம் என்பது உங்களுக்குத் தெரியும்.

எட்லர் செய்தது எங்களுக்குப் பெரிய காரியமாய்த் தோன்றுகிறது. தன் கருவியைத் தானே சந்தேகித்தார். ஆனால் அவருடைய வழி எங்கள் கேள்விக்கு உதவாது. இறந்தவரின் இருதயம் அசையாது. அசைவை அளக்கிறோமா என்பதுதானே கேள்வி.

வேறு வழிகளும் பார்த்தார்கள். ஆடுகளின் இருதயத் தசையில் சிறு படிகங்களைத் தைத்து, அவற்றின் நடுவே ஒலி கடக்கும் நேரத்தை அளந்தார்கள். மனிதருக்கு அதைச் செய்ய முடியாது. 1988-ல் அமெரிக்காவில் ஜெர்ஹூனி என்ற டாக்டரும் அவருடைய கூட்டாளிகளும், எம்.ஆர்.ஐ. மிஷினின் காந்த சக்தியாலேயே இருதயத் தசையின்மேல் கோடு போடும் வழியைக் கண்டுபிடித்தார்கள். வாசலில் கோலம் போட்டு, தரையே நெளிந்தால் கோலமும் நெளியும் அல்லவா? அதுபோல, தசை சுருங்கும்போது கோடுகள் வளைவதைப் படத்தில் பார்த்துவிடலாம். கத்தி வேண்டாம், ஊசி வேண்டாம். நல்ல முறைதான். ஆனாலும் துடிப்பு முடிவதற்குள் கோடுகள் மங்கிவிடும். கோட்டைப் படித்துச் சொல்வதற்கும் ஒரு புரோகிராம் வேண்டும். அந்தப் புரோகிராம் சரியா என்று மறுபடியும் கேட்கவேண்டும்.

இவ்வளவும் பார்த்தபிறகுதான், விடை முன்பே தெரிந்த ஒரு இருதயத்தைக் கம்ப்யூட்டருக்குள் உண்டாக்கலாம் என்ற வேலை வளர்ந்தது. நாங்கள் புரிந்துகொண்ட அளவில் சொல்கிறோம். முதலில் இடது கீழ் அறையைப் பல ஆயிரம் துண்டுகளாகக் கணக்கில் கட்டுகிறார்கள். இருதயத்தின் தசைநார்கள் நேராய் ஓடுவதில்லை. கயிறு முறுக்கியதுபோல் உள்ளிருந்து வெளியே திசை மாறி மாறி ஓடும். அந்த முறுக்கையும் கணக்கில் கொடுக்கிறார்கள். பிறகு மின் துடிப்பு எங்கே தொடங்கி எப்படிப் பரவுகிறது, அது வந்து தொட்ட தசை எவ்வளவு வலுவாய்ச் சுருங்குகிறது என்பதையும் கொடுக்கிறார்கள். கம்ப்யூட்டர் கணக்கிட்டு அந்த அறையைத் துடிக்கவைக்கிறது. ஒவ்வொரு துண்டும் ஒவ்வொரு கணமும் எங்கே இருந்தது என்பது எழுதி வைத்ததுபோல் தெரியும். நாங்கள் தேடிய எடைக்கல் இதுதான்.

ஆனால் இது இன்னும் படம் ஆகவில்லை. அந்தத் தசைக்குள் எள்ளைத் தூவுவதுபோல் எண்ணற்ற புள்ளிகளைத் தூவுகிறார்கள். தசையோடு புள்ளிகளும் நகரும். மிஷினிலிருந்து ஒலி புறப்பட்டு ஒவ்வொரு புள்ளியிலும் பட்டுத் திரும்புவதைக் கணக்கிட்டுக் கூட்டினால் எக்கோ படம்போலவே மணல் மணலாய் ஒரு படம் வரும். இந்த ஒலிக் கணக்குக்கு டென்மார்க்கில் ஜென்சன் என்ற பேராசிரியர் 1990-களில் உருவாக்கிய புரோகிராம் உலகம் முழுவதும் பயன்படுகிறது. ஆரம்பத்தில் இப்படங்கள் பார்த்தவுடனே செயற்கை என்று தெரியும் விதமாய் இருந்தன. லூவனில் அலெஸ்ஸாண்ட்ரினி என்பவரும் அவருடைய கூட்டாளிகளும், உண்மையான எக்கோ பதிவிலிருந்தே புள்ளிகளின் பிரகாசத்தை எடுத்துச் செயற்கை இருதயத்துக்குக் கொடுத்தார்கள். அப்படி உண்டான எட்டு இருதயங்களை 2015-ல் ஆராய்ச்சியாளர் எல்லாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி வெளியிட்டார்கள். ஒன்று ஆரோக்கியமானது. நான்கில் இரத்தக் குழாய் அடைப்பால் தசையின் ஒரு பாகம் சோர்ந்திருக்கும். மூன்றில் சுவர்கள் ஒரே நேரத்தில் சுருங்காமல் முன்பின்னாகச் சுருங்கும்.

எக்கோவுக்கு மட்டும் அல்ல, சி.டி., எம்.ஆர்.ஐ. படங்களுக்கும் இப்படி உண்டு. அமெரிக்காவில் பால் சீகர்ஸ் என்பவர் மூச்சு வாங்கி இருதயம் துடிக்கும் முழு மனித உடம்பையே கம்ப்யூட்டரில் கட்டியிருக்கிறார்.

இப்போது பரீட்சை. செயற்கை இருதயத்தின் படத்தை மட்டும் அளவிடும் புரோகிராமிடம் கொடுக்கிறார்கள், விடையைக் கொடுப்பதில்லை. புரோகிராம் அளந்து சொன்னபிறகு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். எந்தப் பாகம் சோர்ந்திருக்கிறது என்று கண்டுபிடித்ததா, நல்ல பாகத்தைச் சோர்ந்தது என்றதா, எல்லாம் தெரிந்துவிடும். ஐரோப்பிய, அமெரிக்க எக்கோ சங்கங்கள் கம்பெனிகளையும் ஒன்றாய் உட்காரவைத்து, எதை எங்கே அளக்கவேண்டும் என்று பொதுவாய் வரையறுத்தார்கள். இத்தகைய செயற்கைப் படங்களைக் கொடுத்து ஒவ்வொரு கம்பெனியின் புரோகிராமையும் பார்த்தார்கள். விற்பனையில் போட்டி போடுகிறவர்கள் ஒரே பரீட்சைக்கு உட்கார்ந்தது சாதாரணம் அல்ல.

இதில் எங்களுக்கு இருக்கும் சங்கடங்களையும் மறைக்கக் கூடாது. செயற்கைப் படம் எவ்வளவு செய்தாலும் சுத்தமாய் இருக்கும். எங்களிடம் வருகிறவர்களின் படத்தில் விலா எலும்பின் நிழல் விழும், நுரையீரல் குறுக்கே வரும், மூச்சைப் பிடிக்கச் சொன்னால் பிடிக்கமாட்டார்கள். சுத்தமான படத்தில் முதல் மதிப்பெண் வாங்கிய புரோகிராம் எங்கள் படத்தில் தோற்கலாம். இன்னொன்று: அந்த எட்டில் வாதக் காய்ச்சலால் வால்வு சுருங்கிய இருதயம் ஒன்றும் இல்லை, செவப்பு மருந்தால் தளர்ந்த இருதயமும் இல்லை. மேலும், செயற்கை நுண்ணறிவு புரோகிராம்களுக்கு இருதய அசைவைக் கற்றுக்கொடுக்கவும் இப்போது செயற்கைப் படங்களையே பயன்படுத்துகிறார்கள், உண்மையான படங்களில் விடை கிடையாது என்பதால். டியூஷன் மாஸ்டரே கேள்வித்தாளும் எடுத்தால் பிள்ளைகள் நன்றாகத்தான் எழுதுவார்கள். கற்பித்த படம் வேறு, சோதித்த படம் வேறு என்று ஒரு கம்பெனி காட்டாவிட்டால் அந்த மதிப்பெண்ணை நாங்கள் நம்பத் தயாரில்லை.

எங்களிடம் விற்க வந்தவரிடம் இதைத்தான் கேட்டோம். உங்கள் புரோகிராம் விடை தெரிந்த பொதுவான படங்களில் சோதிக்கப்பட்டதா, எவ்வளவு தவறியது, புதிய பதிப்பு வந்தால் பழைய நோயாளிகளின் எண்கள் மாறுமா? நல்ல மனிதர். கையில் ஒரு வண்ணப் புத்தகத்தைக் கொடுத்தார். அதில் சிரித்த முகத்தோடு டாக்டர்கள் படம் இருந்தது. பதில் இல்லை. இரண்டு முறை எழுதிவிட்டோம். பதில் வரும்வரை உங்கள் பணத்தைக் கொடுக்க எங்களுக்கு மனம் வரவில்லை. தாமதத்தால் விலை ஏறலாம் என்று கமிட்டியில் சிலர் எச்சரித்தார்கள், அவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு.

திண்டிவனம் என்றாலே உங்களில் பலருக்கு ஐடா ஸ்கடர் அம்மையாரின் நினைவு வரும். இதே ஊரில் தகப்பனார் வீட்டில் தங்கியிருந்தபோதுதான், ஒரே இரவில் மூன்று பேர் கதவைத் தட்டி, பிரசவ வேதனையில் கிடந்த தங்கள் மனைவிமாருக்குப் பெண் டாக்டர் வேண்டும் என்றார்கள். மூன்று பெண்களும் இறந்தார்கள். அவர் அமெரிக்கா போய் மருத்துவம் படித்து, 1900-ல் வேலூரில் வேலை தொடங்கினார். அந்த வேலூர் ஆஸ்பத்திரியில் 1961-ல் திறந்த இருதய ஆபரேஷன் நடந்தது, இந்தியாவில் வெற்றியாய் முடிந்தவற்றில் அதுவே முதல் என்கிறார்கள். அன்றைக்கு இங்கே பார்க்க ஆள் இல்லை. இன்றைக்கு ஆள் இருக்கிறோம், மிஷினும் இருக்கிறது. ஆகையால் அது சொல்வது மெய்யா என்று கேட்கும் பொறுப்பு எங்கள்மேல் விழுகிறது.

அந்தச் சகோதரியின் காரியம் என்னவாயிற்று என்று கேட்பீர்கள். முதலில் எடுத்த இடத்திலேயே, அதே மிஷினில் மறுபடியும் எடுக்கும்படி விழுப்புரத்துக்கு அனுப்பினோம். பத்தொன்பதரை வந்தது. மருந்து ஒரு வாரம் தாமதமானதோடு சரி, தொடர்ந்து ஏற்றினார்கள். அவருக்கு இது நல்லவிதமாய் முடிந்தது. ஆனால் இதற்கு நேர்மாறாகவும் நடக்கலாம் என்பதுதான் எங்களை உறுத்துகிறது. குறைவாய்க் காட்டும் மிஷினில் தொடங்கி, கூடுதலாய்க் காட்டும் மிஷினில் முடித்தால், உண்மையாகவே தளர்ந்துவரும் இருதயம் நலமாய் இருப்பதுபோல் தோன்றும். அப்படி யாராவது எங்கள் கையால் போயிருக்கிறார்களா என்று பழைய காகிதங்களைப் புரட்டினோம். பாதி ரிப்போர்ட்டுகளில் எந்த மிஷின் என்றே எழுதியிருக்கவில்லை. எங்கள் தவறுதான்.

ஆகையால் முதல் வேலையாக ஒரு ரப்பர் ஸ்டாம்ப் செய்தோம். ஒவ்வொரு எக்கோ ரிப்போர்ட்டிலும் மிஷின் பெயர், புரோகிராமின் பதிப்பு, அன்றைய இரத்த அழுத்தம், நாடித்துடிப்பு நான்கையும் எழுத இடம் விட்ட ஸ்டாம்ப். இரத்த அழுத்தம் கூடினாலும் இந்த எண் குறையும் என்பதால் அதையும் சேர்த்தோம். கடைவீதியில் 180 ரூபாய் ஆயிற்று. அறுப்பின் பண்டிகைப் பணத்தைத் தொடவில்லை, ஆஸ்பத்திரிச் செலவில் எழுதினோம். விழுப்புரத்து எக்கோ நிலையத்தாரிடமும் பேசி, செவப்பு மருந்து எடுக்கிறவர்கள் எந்த மிஷினில் தொடங்கினார்களோ அதிலேயே கடைசிவரை எடுப்பது என்று இரு பக்கமும் ஒத்துக்கொண்டோம். 2014-ன் வழிகாட்டுதலிலும் இது எழுதியிருக்கிறது. நாங்கள் தாமதமாய்ப் படித்தோம்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. இரண்டு ஊருக்கும் நடுவே சுமார் 40 கிலோமீட்டர். மருந்து ஏற்றிக் களைத்த உடம்போடு, பக்கத்து ஊர் மிஷினை விட்டுத் தூரத்து மிஷினுக்குப் போகச் சொல்கிறோம். கூட ஒருவர் வரவேண்டும், அவருடைய ஒரு நாள் கூலி போகும். சென்ற மாதம் மயிலம் பக்கத்து அம்மாள் ஒருவர் போகாமலே இருந்துவிட்டார். கேட்டதற்கு, "காசு இல்ல சார், இங்கயே பாத்துடுங்க" என்றார்.

உங்கள் பணத்துக்கு வங்கியில் வட்டி வந்திருக்கிறது. முதலைத் தொடாமல், அந்த வட்டியை மட்டும் இப்படிப்பட்டவர்களின் பஸ் செலவுக்கும் கூட வருகிறவரின் சாப்பாட்டுக்கும் எடுத்துக்கொள்ள உங்கள் சம்மதம் கேட்கிறோம். நீங்கள் தந்தது வேறொரு காரியத்துக்கு. சம்மதம் இல்லாமல் எடுக்கமாட்டோம். புரோகிராம் விஷயத்தில் சரியான பதில் வந்தால் அதே கூடுகையில் தெரிவித்து வாங்குவோம். அடுத்த அறுப்பின் பண்டிகைக்குள் வராவிட்டால், முதலையும் என்ன செய்வது என்று நீங்களே சொல்லவேண்டும்.

கணக்குப் புத்தகமும் வங்கிப் புத்தகமும் பொருளாளர் ஐயாவிடம் அந்த மேஜையில் இருக்கின்றன. புதிய ஸ்டாம்ப் போட்ட மாதிரி ரிப்போர்ட் ஒன்றும், பெயரை மறைத்து, வைத்திருக்கிறோம். தேநீர் வேளையில் பார்க்கலாம். சம்மதம் உள்ளவர்களும் இல்லாதவர்களும் அங்கேயே கையொப்பமிட்டுப் போகும்படி கேட்டுக்கொள்கிறோம்.